நோய் தாங்கும் இறாலும் உவர் ஏறும் நிலமும்

2024 ஜூலை 23 அன்று ஒன்றிய நிதிநிலை அறிக்கையை வாசித்த நிதியமைச்சர், தாய் இறால்களுக்கான மூல இனப்பெருக்க மையங்களை ஒரு வலையமைப்பாக உருவாக்க நிதியுதவி வழங்கப்படும் என்று அறிவித்தார். இறால் வளர்ப்புக்கும் பதப்படுத்துதலுக்கும் ஏற்றுமதிக்கும் நபார்டு வழியாக நிதி கிடைக்க ஏற்பாடு செய்யப்படும் என்றும் சொன்னார். இரண்டு வாக்கியங்களில் முடிந்துபோன இவ்வறிவிப்பைப் பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில் பழவேற்காடு ஏரியை ஒட்டி வாழும் தலித், இருளர் குடும்பங்களுக்கு அது தொலைதூரச் செய்தியன்று. வரும் ஆண்டுகளில் அவர்களுடைய கிணற்று நீர் குடிக்கத் தகுந்ததாக இருக்குமா என்பது அதனோடு பிணைந்திருக்கிறது.

ஏரியோரச் சேரி ஒன்றில் சட்ட உதவிக் கூட்டம் நடத்தியபோது இந்த அறிவிப்பை விளக்க முயன்றோம். நோய் வந்தாலும் எளிதில் சாகாத இறாலை அரசு உருவாக்கப் பார்க்கிறது என்று சுருக்கமாகச் சொன்னோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த, வயல் கூலி வேலையிலேயே முதுமை எய்திய ஒரு தாய் கேட்டார்: "அப்போ இனிமே குட்டைய விட்டுட்டுப் போவவே மாட்டாங்களா தம்பி? அன்னைக்கு அவங்கள எழுந்து போவ வச்சது அதிகாரிங்க இல்ல, சீக்குதான்."

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுக்கால இறால் பண்ணைகளின் வரலாற்றையும், அவற்றைக் கட்டுப்படுத்த முயன்ற சட்டத்தின் தோல்வியையும் அவர் சொல்லிவிட்டிருந்தார். அவருடைய கேள்விக்கு நேர்மையான விடை காண, இறாலின் உடலிலிருந்து தொடங்கி, நீதிமன்றம் வழியாக, நிலத்துக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பொருள் இல்லாத உயிர்

மனிதருக்கு ஒரு முறை அம்மை வந்து குணமானால், அந்தக் கிருமியை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதற்கென்றே எதிர்ப்பொருள்களை உருவாக்கி வைக்கிறது. தடுப்பூசி என்பது இந்த நினைவாற்றலைப் பயன்படுத்தும் வழி. இறாலுக்கு எதிர்ப்பொருள்கள் கிடையா. ஆகவே கோழிக்கோ மாட்டுக்கோ போடுவதைப் போல இறாலுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்ற முடியாது. பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றலை நம்பி மட்டுமே அது வாழ்கிறது.

அந்தப் பிறவி ஆற்றலைப் பல மரபணுக்கள் சேர்ந்து இயக்குகின்றன. கிருமியின் மேற்பரப்பைத் தொட்டு அடையாளம் காணும் லெக்டின்கள், டோல் ஏற்பிகள் போன்ற புரதங்களை ஒரு தொகுதி மரபணுக்கள் உருவாக்குகின்றன. கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களான பெனாயிடின், கிரஸ்டின் முதலியவற்றை வேறொரு தொகுதி உருவாக்குகிறது. காயம் பட்ட இடத்திலும் கிருமி புகுந்த இடத்திலும் மெலனின் என்னும் கருநிறப் பொருளைப் படியவைத்துக் கிருமியைச் சிறைப்படுத்தும் நொதித் தொடர் ஒன்று உண்டு. வைரசின் மரபுச் செய்தியைத் துண்டித்து முடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்னும் வழியும் உண்டு. பெனாயிடின் 1997-ல் முதன்முதலாக வன்னாமெய் இறாலின் குருதியில் கண்டறியப்பட்டது. அதே இனத்தின் முழு மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டனர். அதில் 25,000-க்கும் மேற்பட்ட புரத மரபணுக்கள் பட்டியலிடப்பட்டன.

இந்த ஆராய்ச்சிக்கு இத்தனை அவசரம் ஏன் என்பதற்கு வெண்புள்ளி நோயே விடை. 1990-களின் தொடக்கத்தில் கிழக்காசியப் பண்ணைகளில் தோன்றிய இந்த வைரஸ், ஒரு குட்டைக்குள் புகுந்தால் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் மொத்த இறாலையும் அழித்துவிடும். அண்மை ஆண்டுகளில் இதனோடு இ.எச்.பி. எனப்படும் நுண்ணுயிரியும் சேர்ந்துகொண்டது. அது இறாலைக் கொல்வதைவிட, தீவனத்தைத் தின்றும் வளராமல் செய்துவிடுகிறது. நீர்வாழ் உயிரின வளர்ப்பில் நோயால் ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,200 கோடி ரூபாய் என்று அரசுத் தரப்பே மதிப்பிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். அரசு முன்னெடுப்பது மரபணு மாற்றப்பட்ட இறால் அன்று. பல தாய் தந்தைக் குடும்பங்களை வளர்த்து, அவற்றின் குஞ்சுகளைச் சோதனைத் தொட்டியில் நோய்க்கு உட்படுத்தி, எந்தக் குடும்பம் பிழைக்கிறது என்று பார்த்து, அதன் உடன்பிறப்புகளை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆக்குவதுதான் அடிப்படை முறை. உழவர்கள் நல்ல கதிரை விதைக்கு எடுத்து வைப்பதன் நுட்பமான வடிவம் என்று இதைச் சொல்லலாம். எந்த மரபணுக் குறியீடு பிழைப்போடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்தால் தேர்வு விரைவாகும். 1992-ல் ஈக்வடாரில் பரவிய டாரா நோய்க்கு எதிராக இம்முறையில் தாங்குதிறன் கொண்ட வன்னாமெய் வகைகள் உருவாக்கப்பட்டன. வெண்புள்ளி நோயில் அத்தகைய வெற்றி எளிதில் கிட்டவில்லை. அந்த எதிர்ப்பாற்றல் ஒற்றை மரபணுவில் இல்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது கடத்தப்படும் அளவும் குறைவு.

யாருடைய விதை?

இந்தியாவில் இன்று வளர்க்கப்படும் இறாலில் ஏறத்தாழ 90 விழுக்காடு வன்னாமெய். பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இவ்வினத்துக்கு 2009-ல் இங்கே வணிக அனுமதி கிடைத்தது. அதன் தாய் இறால்கள் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து, நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தல் நிலையத்தில் சோதிக்கப்பட்டு, குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. குட்டையில் வளர்ந்த இறாலைத் தாயாக வைத்துக் குஞ்சு பொரிக்க விதிகள் அனுமதிப்பதில்லை. நோய்க் காப்பு நோக்கில் அந்தத் தடை சரியானது. ஆனால் அதன் விளைவாக, கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஒரு தொழிலின் விதை கடல் கடந்த சில நிறுவனங்களின் தொட்டிகளில் பூட்டப்பட்டிருக்கிறது.

இந்தச் சார்பை உடைக்கத்தான் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிபா, நம் கடற்கரைக்கு உரிய வெள்ளை இறாலின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தியது. அந்த இனத்தின் மரபு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிரதமரின் மீன்வளத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2023 பிப்ரவரி 27 அன்று சென்னையில் அத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

இம்முயற்சியை நாம் எதிர்க்கவில்லை. பொதுப் பணத்தில், பொது நிறுவனத்தில், உள்ளூர் இனத்தைக் கொண்டு செய்யப்படும் ஆய்வு, இறக்குமதியைவிட மேலானது. நோய் தாங்கும் இறால் குட்டையில் இருந்தால் மருந்தும் கிருமிநாசினியும் குறையும். அவற்றைக் கையில் எடுத்துக் கரைப்பவர்களும், அறுவடைக்குப் பின் சேற்றை அள்ளுபவர்களும் பெரும்பாலும் நம் மக்கள் என்பதால், அந்தக் குறைவு நமக்கும் நன்மையே. ஆனால் விளைவின் உரிமை யாருக்கு என்ற கேள்வி தொடக்கத்திலேயே கேட்கப்பட வேண்டும்.

பயிர் விதைக்கு 2001-ம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இருக்கிறது. விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்கு உள்ள உரிமையை அதன் 39-ம் பிரிவு காக்கிறது. இறால் வளர்ப்போருக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜெ) பிரிவு விலங்கினங்களுக்குக் காப்புரிமை தருவதைத் தடுக்கிறது. இருந்தாலும் இறாலில் ஆதிக்கம் காப்புரிமை வழியாக வருவதில்லை. தாய் இறாலை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் வழியாகவே வருகிறது. பொதுப் பணத்தில் தேர்ந்தெடுத்த தாய் இறால் குடும்பங்கள், பெருக்க மையங்கள் என்ற பெயரில் சில பெருநிறுவனங்களின் கைக்கு ஒப்பந்தத்தின் மூலம் போய்விட்டால், வெளிநாட்டுப் பூட்டு உள்நாட்டுப் பூட்டாக மாறும். பூட்டு பூட்டாகவே இருக்கும்.

தீர்ப்பு வருமுன் வந்த நோய்

இனி அந்தத் தாயின் கூற்றுக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் இறால் பண்ணைகள் கடலோரத்தை வளைத்தன. நாகை வட்டாரத்தில் வயல்கள் குட்டைகளாக வெட்டப்பட்டன. கூலி வேலை மறைந்தது. குடிநீர் உவர்த்தது. 1968-ல் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணியின் மண்ணில், அந்தப் படுகொலைக்குப் பின் நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தர உழைத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர், பெற்ற நிலமும் சுற்றியுள்ள வயலும் உப்பாவதைக் கண்டனர். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு அளித்த 'எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்' தீர்ப்பை சட்ட மாணவர்கள் ஒவ்வொருவரும் முழுமையாகப் படிக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், மரபு முறையிலானவை நீங்கலாக, எந்த இறால் பண்ணையும் இருக்கக்கூடாது என்றது நீதிமன்றம். இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்றச் சொன்னது. வேளாண் நிலம், உப்பளம், சதுப்புநிலம், ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்றது. சில்கா, பழவேற்காடு ஏரிகளின் கரையிலிருந்து 1,000 மீட்டருக்குள் இத்தொழிலே கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்தது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்குத் தொழிற்தகராறுச் சட்டத்தின் 25-எஃப் பிரிவின்படியான இழப்பீட்டோடு ஆறு ஆண்டு ஊதியமும் வழங்க ஆணையிட்டது.

ஆனால் தீர்ப்பு வெளிவரும் முன்னரே வேறொன்று குட்டைகளைக் காலிசெய்யத் தொடங்கியிருந்தது. 1994-95-ல் இந்தியக் கிழக்குக் கடற்கரையை அடைந்த வெண்புள்ளி நோய், பல முதலீட்டாளர்களை வந்த வழியே திருப்பி அனுப்பியது. 1980-களின் இறுதியில் தைவானில் இத்தொழில் சரிந்தது. 1993-ல் சீனாவில் சரிந்தது. ஒவ்வோரிடத்திலும் நோய் ஒரு வரம்பை விதித்தது. நீதிமன்றத்தின் ஆணையோ, மறுசீராய்வு மனுக்களிலும் பின்னர் வந்த சட்டத்திலும் சிக்கி, எழுதப்பட்டவாறு முழுமையாக நிறைவேறவே இல்லை. கடலோர ஏழைகளைப் பொறுத்தவரை, செயல்பட்ட ஒரே கட்டுப்பாட்டு அதிகாரி அந்த வைரஸ்தான். அது நீதியான அதிகாரி அன்று. இழப்பீடு தரவில்லை, உவர்த்த மண்ணைச் சீர்செய்யவில்லை, கூலியாளின் பாக்கியைக் கொடுக்கவில்லை. சிறு பண்ணைக்காரரைக் கடனில் மூழ்கடித்தது. ஆனால் பண்ணைகள் பெருகுவதை நிறுத்தியது அதுவே.

நோய் தாங்கும் மரபணுக்களைத் தேடும் ஆய்வு வெற்றி பெறுமானால் அந்தத் தடை விலகும். அப்போது மிஞ்சியிருக்க வேண்டிய தடை சட்டம். அந்தச் சட்டம் இப்போது எந்நிலையில் இருக்கிறது?

தளர்த்தப்பட்ட வேலி

2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன் 27-ம் பிரிவு, கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என்றும், அவ்விலக்கு 1991 பிப்ரவரி 19 முதலே இருந்ததாகக் கருதப்படும் என்றும் பின்னோக்கி விதித்தது. ஜெகந்நாத் தீர்ப்பு நின்றிருந்த அடித்தளமே இவ்வாறு அகற்றப்பட்டது. அதற்கு மாற்றாகச் சில பாதுகாப்புகளைச் சட்டம் வைத்திருந்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணைக்கு உரிமம் இல்லை. பதிவின்றிப் பண்ணை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. 2005-ன் வழிகாட்டுதல்கள், 500 பேருக்குக் குறைந்த குடியிருப்பிலிருந்து 100 மீட்டரும், அதற்கு மேற்பட்ட ஊரிலிருந்து 300 மீட்டரும், குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்றன. இதிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. சேரியும் இருளர் குடியிருப்பும் பெரும்பாலும் ஊரிலிருந்து பிரிந்த சிறு குடியிருப்புகளாகவே இருக்கின்றன. தனித்து எண்ணப்படும்போது, அவர்களுக்குக் கிடைப்பது ஊருக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு. சாதி வகுத்த இடைவெளியைச் சட்டம் மீட்டர் கணக்கில் அப்படியே ஏற்றுக்கொண்டது.

2023-ல் இச்சட்டம் திருத்தப்பட்டது. பதிவின்றி நடத்துவதற்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, அபராதம் மட்டும் எஞ்சியது. குஞ்சு பொரிப்பகங்கள், தாய் இறால் பெருக்க மையங்கள், மூல இனப்பெருக்க மையங்கள் ஆகியவற்றுக்கு 200 மீட்டர் தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தூய கடல்நீர் நேரடியாகக் கிடைக்கும் இடத்தில்தான் இம்மையங்கள் இயங்க முடியும் என்பது அரசின் வாதம். தொழில்நுட்ப நோக்கில் அதில் உண்மை உண்டு. ஆயினும், உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் என்பது வெற்றுமணல் அன்று. படகு இழுப்பதும், வலை உலர்த்துவதும், கருவாடு காயவைப்பதும் அங்கேதான். பட்டா இல்லாத அந்த மணலில் உரிமை கோர முடியாதவர்கள் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மரபணு ஆய்வும் சட்டத் திருத்தமும் தனித்தனிச் செய்திகளாக வந்தன. சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். உயிரியல் தடையை அகற்ற நிதி ஒதுக்கிய அதே காலத்தில் சட்டத் தடையும் தாழ்த்தப்பட்டிருக்கிறது.

தாங்குவது வேறு, எதிர்ப்பது வேறு

உயிரியலில் நம் மக்களைத் தொடும் நுணுக்கம் ஒன்று உண்டு. நோயை எதிர்க்கும் இறால், கிருமியைத் தன் உடலில் பெருகவிடாது. நோயைத் தாங்கும் இறால் அப்படியன்று. கிருமி உடலில் இருக்க, தான் சாகாமல் வாழும். குட்டை உரிமையாளருக்கு இரண்டும் ஒன்றே. எடை போடும் நாளில் இறால் உயிரோடு இருக்கிறது. ஏரிக்கு இரண்டும் ஒன்றல்ல. தாங்கும் இறால் நிறைந்த குட்டையின் கழிவுநீர், வெளியே தெரியாத கிருமியைச் சுமந்து ஏரியில் கலக்கலாம். அங்கே உள்ள காட்டு இறாலுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

பழவேற்காடு ஏரியில் வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருளர்களும் தலித் மக்களும். ஏரியின் வளமான பகுதிகளை முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' என்னும் மரபு ஒழுங்கு மீனவச் சாதிக்கு உரியது. அதில் இவர்களுக்கு இடமில்லை. எஞ்சிய நீரில், வெறும் கையால் இவர்கள் தேடுவது இதே வெள்ளை இறாலைத்தான். அதன் மரபணுத் தொகுதி ஆய்வகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. அது வாழும் ஏரிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. நோய்த் தாங்குதிறன் பற்றிய சோதனைகளில், பிழைப்பு விழுக்காட்டோடு, உயிர் பிழைத்த இறால் எவ்வளவு வைரஸை நீரில் விடுகிறது என்பதும் அளக்கப்பட்டு வெளியிடப்பட வேண்டும். இதை ஆய்வாளர்களின் தனிப்பட்ட விருப்பத்துக்கு விட்டுவிடக்கூடாது.

அடர்த்தியும் கவனிக்கப்பட வேண்டியது. வன்னாமெய்க்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விட வழிகாட்டுதல்கள் இடமளித்தன. நோய் அச்சம் குறைந்தால் அடர்த்தியைக் கூட்டும் ஆசை வளரும். அடர்த்தி கூடினால் தீவனம் கூடும். அடியில் தங்கும் கழிவு கூடும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்கே 2005-ன் பொது வழிகாட்டுதல்களில் கட்டாயமாக்கப்பட்டது. ஒரே குடும்பம் நான்கு பெயர்களில் நான்கு சிறு பண்ணை வைத்தால் கட்டாயம் மறைந்துவிடும். உப்பு நீர் மண்ணுக்குள் கசிவதைப் பொறுத்தவரை, குட்டையில் இருப்பது எந்த இறால் என்பதால் எந்த மாற்றமும் இல்லை. சீக்கு வந்த இறாலின் குட்டையும் கசியும். சீக்கு வராத இறாலின் குட்டை ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்கும் என்பதால் கூடுதலாகக் கசியும்.

நிலத்தின் கேள்வி

1891-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அன்று அந்தச் செங்கல்பட்டின் பகுதி. பஞ்சமி என்னும் சொல் பிறந்த மண் இது. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதார்க்கு அந்நிலம் கைமாறக்கூடாது என்பது ஒதுக்கீட்டின் நிபந்தனை. மேட்டு நன்செய் ஊரிடமும், தாழ்ந்த உவர் நிலம் சேரியிடமும் இருக்கும் கடலோரத்தில், இறால் குட்டைக்கு ஏற்றதென்று முதலில் கண்ணில் படுவது எந்த நிலம் என்பதை ஊகிக்கலாம். குத்தகை, பொது அதிகாரப் பத்திரம், கடனுக்கு ஈடு எனப் பல பெயர்களில் அது கைமாறும். குட்டை வெட்டிய நிலம் மீண்டும் நெல் நிலமாவது எளிதன்று. எனவே பத்திரத்தில் தற்காலிகம் என்று எழுதப்பட்டிருப்பது மண்ணில் நிரந்தரமாகிவிடுகிறது.

இதே கும்மிடிப்பூண்டி வட்டத்தின் தேர்வாய்கண்டிகையில், தலித் மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த சுமார் 1,100 ஏக்கர் மேய்ச்சல் காட்டு நிலம் சிப்காட் தொழிற்பூங்காவாக மாறியதை நாம் மறக்கவில்லை. அம்மக்கள் உண்ணாநிலை முதல், 2012-ல் பிரான்சு நாட்டின் தேசியத் தொடர்பு மையத்தில் முறையிட்டது வரை போராடினர். பொது நிலத்துக்குப் பட்டா இல்லை என்பதால் அது யாருடையதும் அன்று என்று அரசு வாதிட்டது. தொழிற்பேட்டைக்குச் சொல்லப்பட்ட அந்த வாதம், கடற்கரை மணலுக்கும் ஏரிக்கரைப் புறம்போக்குக்கும் நாளை சொல்லப்படும்.

மீன்வளத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 60 விழுக்காடு மானியம், பிறருக்கு 40 விழுக்காடு என்று அரசு பெருமை கொள்கிறது. நிலமோ நீண்ட காலக் குத்தகையோ காட்டினால்தான் குட்டைக்கு மானியம். நிலமற்றவரிடம் அந்தக் கூடுதல் 20 விழுக்காடு எதன் மீது கணக்கிடப்படும்? பெயர் ஒருவருடையது, குட்டை மற்றொருவருடையது என்ற ஏற்பாட்டுக்கே அது வழிதிறக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

அறிவியலை நிறுத்து என்பது நம் கோரிக்கை அன்று. இறாலின் எதிர்ப்பாற்றலுக்கு அரசு செலவிடும்போது, அந்த இறாலின் குட்டைக்கு அருகில் வாழ்பவரின் பாதுகாப்பையும் அதே திட்டத்தின் நிபந்தனையாக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அதற்கு வழக்கறிஞர்களும் மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் இப்போதே தொடங்கக்கூடிய பணிகள் உண்டு.

முதலாவது, தகவல். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில் பதிவு பெற்ற பண்ணைகளின் புல எண்கள், பரப்பு, பதிவு முடியும் நாள் ஆகியவற்றையும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். அந்தப் புல எண்களைப் பஞ்சமி நிலப் பதிவேட்டோடும் ஏரிக்கரையிலிருந்து உள்ள தூரத்தோடும் ஒப்பிட வேண்டும். கல்லூரி மாணவர் பத்துப் பேர் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

இரண்டாவது, நீர்ச் சான்று. சேரிக் கிணறுகளின் உப்பளவை, பண்ணையில் நீர் ஏற்றும் முன்னும் பின்னும், நாள் குறித்து அளந்து பதிவுசெய்ய வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் தோற்பது உண்மை இல்லாததால் அல்ல; முந்தைய ஆண்டின் அளவு நம் கையில் இல்லாததால்.

மூன்றாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர் ஆதாரத்தை அப்பயன்பாட்டுக்குத் தகுதி குறையுமாறு கெடுப்பது அதன் 3(1)(எக்ஸ்) பிரிவின்படி குற்றம். நிலம், நீர் மீதான உரிமையில் குறுக்கிடுவது 3(1)(ஜி) பிரிவின்படி குற்றம். உவர்த்த கிணற்றைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அது சாதிக் குற்றமாகவும் இருக்கக்கூடும்; சட்டம் அதற்கு இடமளிக்கிறது.

நான்காவது, கால வரம்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 14-ம் பிரிவின் மனுவுக்கு ஆறு மாதம், 15-ம் பிரிவின்படி இழப்பீடு கோர ஐந்து ஆண்டு. பண்ணைக்காரர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்து உரிமையை இழந்த குடும்பங்கள் ஏராளம்.

ஐந்தாவது, விதையின் உரிமை. பொது நிதியில் உருவாகும் தாய் இறால் குடும்பங்கள் தனியார்க்கு வழங்கப்படும் ஒப்பந்தங்கள் வெளியிடப்பட வேண்டும். காட்டு வெள்ளை இறாலின் மரபு வளத்தை வணிகமாக்கும் நிறுவனங்களுக்கு உயிரியப் பன்மயச் சட்டத்தின்கீழ்ப் பயன்பகிர்வுக் கடமை உண்டு என்பதே நம் வாசிப்பு. அந்தப் பயனின் பங்கு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குடியிருப்புகளைச் சேர வேண்டும். ஊராட்சிகளில் அமைக்கப்படும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களில் இருளர், தலித் மக்களுக்கு இடம் வேண்டும்.

கூட்டம் முடிந்து புறப்படுகையில் அந்தத் தாய் மீண்டும் வந்து, தம் கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டினார். உண்மைதான். நோய் வராவிட்டால் அவர்கள் தாமாகப் போக மாட்டார்கள் அம்மா, சட்டப்படி நாம்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கும் என்றோம். அவர் சற்று யோசித்து, கிணற்று நீரை எந்தப் பாத்திரத்தில் பிடித்து வைத்தால் செல்லும் என்று கேட்டார். அடுத்த வாரம் சுத்தமான புட்டிகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.